‘அவுட் ஆஃப் ஃபிரேம்’ என்றால் என்ன? மரபணு அறிக்கை கையில் வந்த குடும்பங்களுக்கு



நடக்கும்போது அடிக்கடி விழும் ஒரு பையனை நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோனால், இன்றைக்கு ரத்தம் எடுத்து மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில வாரங்களில் நான்கைந்து பக்க அறிக்கை வருகிறது. ‘டிஸ்ட்ரோபின் – எக்ஸான் 45 டெலிஷன் – அவுட் ஆஃப் ஃபிரேம்’ என்பது போல ஒரு வரி அதில் தடித்த எழுத்தில் இருக்கும். மருத்துவர் ‘டூஷேன்’ என்று ஒரு பெயரைச் சொல்வார். குடும்பம் அந்தத் தாளோடு வீடு திரும்பும்.

அந்தத் தாள் சில வேளைகளில் பள்ளிவாசலுக்கும் வந்து சேர்கிறது. ஓதிப் பார்க்கவும் துஆ செய்யவும் சொல்லி வருகிறவர்களிடம், “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டால், “ஜீன்ல ஏதோ கோளாறாம் ஹஜ்ரத்” என்பதற்கு மேல் பதில் இருப்பதில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: “இன்னொரு வீட்டுப் பையனுக்கும் இதே ஜீன்தானாம். அவனுக்கு 45, 46, 47 என்று மூன்று பகுதி இல்லையாம். அவன் காலேஜுக்கு நடந்து போகிறான். நம்ம பிள்ளைக்கு ஒரே ஒரு பகுதிதான் இல்லை. பிறகு ஏன் இவனுக்கு இவ்வளவு கடுமை?”

கூடுதலாக இழந்தவன் நடக்கிறான். குறைவாக இழந்தவன் சக்கர நாற்காலிக்குப் போகிறான். இதற்கான விடை ‘ஃபிரேம்’ என்ற அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அறிவியல் பட்டம் இல்லாதவர்களும் விளங்கிக்கொள்ளக்கூடிய செய்திதான் இது. கலைப் பாடம் படித்த நமக்கே விளங்கியதென்றால், நம் வீட்டு உம்மாமார்களுக்கும் விளங்கும்.

இடைவெளி இல்லாத எழுத்து

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் நான்கே நான்கு எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. இந்த நான்கும் மாறிமாறி வரிசையாக வந்து, தாயிடமிருந்து ஒரு தொகுப்பும் தந்தையிடமிருந்து ஒரு தொகுப்புமாக, தொகுப்புக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் நம்மிடம் இருக்கின்றன. இந்த எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கிடையாது. கமா, முற்றுப்புள்ளி கிடையாது. பழைய ஓலைச் சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். அதைப் போல.

இந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் செல் புரதங்களைச் செய்கிறது. தசை, ரத்தத்தின் ஹீமோகுளோபின், இன்சுலின் எல்லாமே புரதத்தால் ஆனவை அல்லது புரதமே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த சரம். மணிகளில் 20 வகை. எழுத்தோ நான்குதான். நான்கு எழுத்தைக் கொண்டு 20 மணிகளை எப்படிக் குறிப்பது? ஓர் எழுத்துக்கு ஒரு மணி என்றால் நான்கு மணிகளோடு முடிந்துவிடும். இரண்டிரண்டாக எடுத்தால் 16 சேர்க்கை, அதுவும் போதாது. மூன்று மூன்றாக எடுத்தால் 64. ஆகவே செல் மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கிறது. 64 சேர்க்கைகளில் 61 ஏதேனும் ஒரு மணியைக் குறிக்கின்றன. டி.ஏ.ஏ., டி.ஏ.ஜி., டி.ஜி.ஏ. ஆகிய மூன்றும் மணியைக் குறிப்பதில்லை. ‘இங்கே நிறுத்து’ என்பதே அவற்றின் பொருள். ஏ.டி.ஜி. என்ற சேர்க்கை ஒரு மணியையும் குறிக்கும், பெரும்பாலும் ‘இங்கே தொடங்கு’ என்ற அடையாளமாகவும் இருக்கும்.

இப்போது ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மெய்யெழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து:

உம்மா நேற்று தந்த பழம் எங்கே தம்பி

இடைவெளியை எடுத்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்தால் இதே வாக்கியம் கிடைக்கும். முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்திலிருந்து தொடங்கினால்: ம்மாநே – ற்றுத – ந்தப – ழம்எ – ங்கேத – ம்பி. மூன்றாம் எழுத்திலிருந்து தொடங்கினால்: மாநேற் – றுதந் – தபழ – ம்எங் – கேதம் – பி. எழுத்துகள் அதேதான், வரிசையும் அதேதான். தொடங்கும் இடம் மட்டும் ஓர் எழுத்து நகர்ந்தது, பொருள் போய்விட்டது.

இப்படி மூன்று மூன்றாகப் பிரிக்கும் விதத்தைத்தான் ‘ரீடிங் ஃபிரேம்’, அதாவது வாசிப்புச் சட்டகம் என்கிறார்கள். ஓர் இழையை மூன்று விதமாகப் பிரிக்கலாம். டி.என்.ஏ. இரட்டை இழை என்பதால், எதிர்த்திசையில் வாசிக்கப்படும் மறு இழையிலும் மூன்று. ஆக மொத்தம் ஆறு சட்டகங்கள். ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்குப் பொருள் தரும் சட்டகம் வழக்கமாக இவற்றில் ஒன்றே ஒன்றுதான்.

குர்ஆன் ஓதக் கற்றவர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. எங்கே நிறுத்துவது, எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்பதற்கே ‘வக்ஃபு, இப்திதா’ என்று தனிக் கலை உண்டு. ஓர் எழுத்தையும் மாற்றாமல், நிறுத்தும் இடத்தை மட்டும் மாற்றினாலே ஏவல் விலக்கலாகிவிடும் இடங்களை நம் உஸ்தாதுமார்கள் சுட்டிக்காட்டிக் கண்டித்திருக்கிறார்கள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரபியின் வேர்ச்சொற்களும் பெரும்பாலும் மூன்றெழுத்து, டி.என்.ஏ.வும் மூன்றெழுத்து, ஆகவே இது ஓர் அற்புதம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தயவுசெய்து அதைப் பரப்ப வேண்டாம். நாம் சொல்வது உவமை மட்டுமே. இறைவேதத்துக்கு இப்படிப்பட்ட முட்டுக்கொடுப்புகள் தேவையில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1961ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எழுத்துகளை நேரடியாகப் படிக்கும் கருவி அன்று இல்லை. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒருவகைச் சாயப்பொருள் மட்டும் கையில் இருந்தது. ஓர் எழுத்து குறைந்தால் மரபணு கெட்டது. இரண்டு குறைந்தாலும் கெட்டது. அருகருகே மூன்று குறைந்தபோது மரபணு மறுபடியும் வேலை செய்யத் தொடங்கியது! ஓர் எழுத்து குறைந்த இடத்துக்கு அருகில் இன்னோர் எழுத்தைக் கூட்டினாலும் வேலை செய்தது.

நம் வாக்கியத்திலேயே செய்து பார்க்கலாம். ‘நேற்று’ என்பதிலிருந்து ‘ற்’ என்ற ஒரே எழுத்தை எடுத்துவிடுங்கள்:

உம்மா – நேறுத – ந்தப – ழம்எ – ங்கேத – ம்பி

கெட்டது ஒரு சொல் மட்டுமல்ல. அதற்குப் பின்னால் வந்த அத்தனையும். இப்போது சற்றுத் தள்ளி, ‘ந்த’வுக்குப் பிறகு ஏதேனும் ஓர் எழுத்தைச் சேருங்கள், ‘ர’ என்று வைத்துக்கொள்வோம்:

உம்மா – நேறுத – ந்தர – பழம் – எங்கே – தம்பி

நடுவில் இரண்டு சொற்கள் சிதைந்துவிட்டன. ஆனால் ‘பழம் எங்கே தம்பி’ திரும்பி வந்துவிட்டது. ‘ற்’ என்ற ஓர் எழுத்துக்குப் பதில் ‘நேற்று’ என்ற மூன்று எழுத்தையும் எடுத்துவிட்டால்?

உம்மா – தந்த – பழம் – எங்கே – தம்பி

ஒரு சொல் குறைந்தது. கேள்வி அப்படியே நிற்கிறது. ஓர் எழுத்தை இழந்ததைவிட மூன்று எழுத்தை இழந்தது குறைந்த நஷ்டம். அந்த இரண்டு பையன்களின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே வந்துவிட்டது.

எந்த மூன்றெழுத்து எந்த மணியைக் குறிக்கிறது என்ற அகராதியைத் தயாரித்தவர்களில் ஒருவர் ஹர் கோபிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாபின் ராய்ப்பூர் என்ற சிறு கிராமத்தில் பிறந்து, லாகூரில் படித்து, பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வு செய்தவர்; 1968இல் மார்ஷல் நிரன்பர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர். அவர் ‘யு.யு.சி. யு.யு.சி.’ என்று மூன்றெழுத்தே திரும்பத் திரும்ப வரும் இழையைத் தம் ஆய்வகத்தில் செய்து வாசிக்க விட்டார். (டி.என்.ஏ.வின் நகலில் டி இருக்கும் இடத்தில் யு வரும்.) தொடங்கும் இடம் குறிக்கப்படாத அந்த இழையிலிருந்து ஒரே மணியால் ஆன மூன்று வகைச் சரங்கள் கிடைத்தன. யு.யு.சி. என்று பிரித்தால் ஒரு மணி, யு.சி.யு. என்று பிரித்தால் வேறொன்று, சி.யு.யு. என்று பிரித்தால் மற்றொன்று. ஒரே இழைக்கு மூன்று சட்டகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சட்டகம் எல்லாம் மரபணு ஆகிவிடுமா?

ஆகாது. 64இல் மூன்று ‘நிறுத்து’ என்பதால், குருட்டாம்போக்கில் எழுத்துகளைக் கொட்டினால் சராசரியாக 21 மூன்றெழுத்துக்கு ஒருமுறை ‘நிறுத்து’ வந்துவிடும். தவறான சட்டகத்தில் வாசித்தாலும் ஏறக்குறைய அப்படித்தான், சீக்கிரமே முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆனால் ஓரிடத்தில் ‘தொடங்கு’ வந்து, அதற்குப் பிறகு 100, 200, 500 மூன்றெழுத்துகள் ‘நிறுத்து’ குறுக்கிடாமல் போகிறதென்றால் அங்கே ஏதோ பொருள் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இதைத் ‘திறந்த வாசிப்புச் சட்டகம்’ என்கிறார்கள். 100 மூன்றெழுத்து நீளத்துக்கு ‘நிறுத்து’ இல்லாமல் இருப்பது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. 1996இல் ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டின் டி.என்.ஏ. முழுவதும் வாசிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 6,000 மரபணுக்களை இப்படி நீளமான சட்டகங்களைத் தேடித்தான் அடையாளம் கண்டார்கள். ஆனாலும் திறந்த சட்டகம் என்பது சந்தேகம் மட்டுமே. அதிலிருந்து உண்மையில் நகல் எடுக்கப்படுகிறதா, புரதம் செய்யப்படுகிறதா என்று பார்த்த பிறகே அது மரபணு.

மனிதரில் இது இன்னும் சிக்கல். நம் 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்காக வாசிக்கப்படும் பகுதி நூற்றில் ஒன்றோ ஒன்றரையோதான். புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. அந்த மரபணுவும் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்காது. வாசிக்கப்படும் துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்; இடையே நெடுந்தூரம் வாசிக்கப்படாத பகுதி. செல் முதலில் முழுவதையும் நகலெடுத்து, இடைப்பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, தேவையான துண்டுகளை ஒட்டிக்கொள்கிறது. இந்தத் துண்டுகளுக்குப் பெயர்தான் எக்ஸான்.

படைத்தவனின் கைவண்ணத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. ஒரே எழுத்துத் தொடரையே இரண்டு சட்டகத்தில் வாசித்து இரண்டு புரதம் செய்யும் இடங்கள் இருக்கின்றன. 5,386 எழுத்து மட்டுமே கொண்ட ஒரு சின்னஞ்சிறு வைரஸில் 1970களில் இதை முதலில் பார்த்தார்கள். மனித உடலில் புற்றுநோயைத் தடுக்கும் இரண்டு புரதங்கள் ஒரே எக்ஸானை வேறுவேறு சட்டகத்தில் வாசித்து உருவாகின்றன. ஓர் எழுத்துக்கூட வீண் போகாத சிக்கனம்!

தசையின் மரபணு

இனி அறிக்கைக்கு வருவோம். டிஸ்ட்ரோபின் என்பது தசைச் செல்லைக் காக்கும் புரதம். செல்லின் உள்ளே இருக்கும் இழைகளை ஒரு முனையாலும், செல்லின் மேலுறையை மறு முனையாலும் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு என்று சொல்லலாம். தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் மேலுறை கிழிந்துவிடாமல் காப்பது இதன் வேலை. இதன் மரபணு மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று: 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், 79 எக்ஸான்கள். எல்லாவற்றையும் ஒட்டி வாசித்தால் 3,685 மணிகள் கொண்ட சரம்.

இவ்வளவு நீளம் என்பதால் இடையில் துண்டு விழும் வாய்ப்பும் அதிகம். 1988இல் அந்தோணி மொனாக்கோ, லூயி குன்கெல் ஆகியோரின் குழு, நோயாளிகளின் இழப்புகளை ஒப்பிட்டு ஓர் எளிய விதியைச் சொன்னது. இழந்த எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் மீதியின்றி வகுபட்டால் சட்டகம் தப்பிக்கும். கயிறு நடுவில் குட்டையாகும், ஆனால் இரண்டு முனைகளும் இருக்கும். அதுதான் லேசான வகை, ‘பெக்கர்’ என்பார்கள். வகுபடாவிட்டால் அந்த இடத்துக்குப் பிறகு எல்லாமே பிழையாக வாசிக்கப்பட்டு, சீக்கிரமே ஒரு ‘நிறுத்து’ வந்து, கயிற்றின் மறு முனையே உருவாகாது. ஒரு முனை கட்டப்படாத கயிறு இருந்தும் பயனில்லை; செல் அதை அழித்துவிடுகிறது. அதுதான் டூஷேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்ஸான் 45இல் இருப்பவை 176 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு. சட்டகம் உடைந்தது. 45, 46, 47 ஆகியவற்றில் முறையே 176, 148, 150. கூட்டினால் 474. மூன்றால் வகுத்தால் சரியாக 158. சட்டகம் தப்பியது. கூடுதலாக இழந்த பையன் நடப்பதற்கும் குறைவாக இழந்த பையன் தடுமாறுவதற்கும் காரணம் இதுதான். யாருடைய கண்ணேறும் இல்லை, யாருடைய சாபமும் இல்லை. 1990இல் ‘நேச்சர்’ இதழில் பதிவான ஒருவரின் செய்தி இதற்கு உச்சமான சான்று. எக்ஸான் 17 முதல் 48 வரை, அதாவது புரதத்தின் 46 சதவீதம் அவருக்கு இல்லை. ஆனால் சட்டகம் தப்பியிருந்தது. 61 வயதிலும் நடந்துகொண்டிருந்தார்.

இந்த விதி ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குப் பொருந்துகிறது, எல்லோருக்கும் அல்ல. எக்ஸான் 3 முதல் 7 வரை இழந்தவர்களில் சட்டகம் உடைந்தும் நோய் லேசாக இருப்பவர்கள் உண்டு. வேறு மரபணுக்களில் மூன்றின் மடங்கே பெரும் தீங்காவதும் உண்டு. ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்ற நுரையீரல் நோயில் பெரும்பாலோருக்கு 1,480 மணிகளில் ஒரே ஒரு மணிதான் இல்லை; சரியாக மூன்றெழுத்து இழப்பு; சட்டகம் உடையவில்லை; ஆனாலும் கடும் நோய், ஏனென்றால் அந்த மணி இல்லாமல் புரதம் சரியாக மடங்குவதில்லை. எனவே வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மருத்துவர் சொல்வதை விளங்கிக்கொள்ளத்தான் இந்தக் கணக்கு.

பழி யார் மீது?

டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருகிறது. எனவே நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. “தாயிடமிருந்து” என்ற சொல் காதில் விழுந்ததும் சில வீடுகளில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். “உங்க வீட்டு வழி நோய்” என்ற பேச்சு தொடங்குகிறது. தலாக் வரை போன பேச்சையும் நாம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட அநியாயம்! மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில் இந்தக் குறை தாயிடம் இருப்பதே இல்லை, புதிதாக ஏற்பட்டது. மற்றவர்களிலும் தாய் அதைத் தேடி வாங்கியவள் அல்ல. அவளுக்கும் அது தெரியாமல் வந்ததுதான். எந்த எழுத்து எங்கே நழுவும் என்பது மனிதக் கையில் இல்லை.

“சொந்தத்தில் கட்டியதால் வந்தது” என்பதும் டூஷேன் விஷயத்தில் சரியில்லை. நெருங்கிய உறவில் மணமுடிப்பது பீட்டா தலசீமியா போன்ற நோய்களில்தான் கவலைக்குரியது. அங்கே தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட நகல் வந்தால்தான் நோய். அந்த நோயிலும் சட்டகம் உடைவதைப் பார்க்கலாம். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் தலசீமியா பிழைகளில் ஒன்று, ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைவது. இன்னொன்று நான்கு எழுத்து விழுந்துபோவது. ஒன்றும் நான்கும் மூன்றால் வகுபடாதவை. மாமன் மகள், அத்தை மகன் என்று நிகாஹ் பேசும் வீடுகளில் மணமக்கள் இருவருக்கும் முன்கூட்டியே தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை.

டூஷேன் உறுதியான வீட்டில் தாயும், தாயின் சகோதரிகளும், பையனின் அக்கா தங்கைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குறையைச் சுமக்கும் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் பிள்ளைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சுமப்பவர் என்று தெரிந்தால் அவருடைய இதயத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இது பலருக்குச் சொல்லப்படுவதில்லை. தாயின் ரத்தத்தில் குறை தெரியாவிட்டாலும் அடுத்த பிள்ளைக்கு வரச் சிறு வாய்ப்பு உண்டு என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணின் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அஞ்சி அறிக்கையைப் பீரோவில் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சம் புரிகிறது. ஆனால் பூட்டி வைத்த தாள் பேரப்பிள்ளையைக் காப்பாற்றாது.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மூன்றாம் மாதவாக்கில் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துக் கருவைப் பரிசோதிக்க முடியும். அதன் பிறகு என்ன என்பது பாரதூரமான விஷயம். ராபிதாவின் மக்கா ஃபிக்ஹு சபை 1990இல், கருவின் குறை கடுமையானது, சிகிச்சையில்லாதது என்று நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்து, பெற்றோரும் கோரினால், 120 நாளுக்கு முன் கலைக்க அனுமதி உண்டு என்று முடிவு செய்தது. எல்லா உலமாக்களும் இதில் ஒத்த கருத்தினர் அல்லர். பல ஆண்டுகள் வாழக்கூடிய பிள்ளை விஷயத்தில் இதைப் பொருத்தலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இணையத்தில் படித்து முடிவெடுக்காமல், அறிக்கையோடு முஃப்தி ஒருவரை நேரில் சந்தியுங்கள். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: மருத்துவர் சொல்லும் வாரக் கணக்கு கடைசி மாதவிடாயிலிருந்து தொடங்குவது, 120 நாள் கரு உருவானதிலிருந்து. இரண்டுக்கும் ஏறத்தாழ இரு வார வித்தியாசம் இருக்கிறது.

மருந்துக்கு வசூல் செய்யும் முன்

சட்டகம் உடைந்ததைச் சரிசெய்யும் மருந்துகளும் வந்துவிட்டன. தர்க்கம் கேம்பிரிட்ஜ் சோதனையின் தர்க்கமேதான்: ஏற்கெனவே விழுந்ததோடு இன்னும் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும். எக்ஸான் 50 இல்லாத பையனுக்கு 109 எழுத்து இழப்பு, வகுபடாது. நகலை ஒட்டும்போது 233 எழுத்து கொண்ட எக்ஸான் 51ஐயும் செல் தாண்டிப் போகும்படி செய்தால் மொத்தம் 342, வகுபடும். டூஷேன் பெக்கரைப் போலாகும் என்பது எதிர்பார்ப்பு. இந்த வகையில் முதல் மருந்தான எடெப்ளிர்சனுக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் புரதம் மிகச் சிறிய அளவே திரும்பி வருகிறது என்று அந்த அனுமதியின்போதே நிபுணர்களிடையே கடும் வாக்குவாதம் நடந்தது. நடக்கும் திறனை எவ்வளவு காப்பாற்றும் என்பதில் இன்றும் முழுத் தெளிவில்லை. விலையோ ஆண்டுக்குக் கோடிகளில்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பையனின் படத்தைப் போட்டு, ‘இந்த மருந்துக்கு இத்தனை கோடி தேவை’ என்று ஜமாஅத்துகளில் வசூல் நடக்கும்போது, அந்த மருந்து அந்தப் பையனின் இழப்புக்குப் பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை. எக்ஸான் 51ஐத் தாண்ட வைக்கும் மருந்து டூஷேன் பிள்ளைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குத்தான் பொருந்தும். எக்ஸான் 45 மட்டும் இல்லாத பையனுக்கு அது உதவாது. அவனுக்குக் கணக்கு சரியாக 148 எழுத்து கொண்ட எக்ஸான் 44ஐத் தாண்ட வேண்டும். ஜகாத், ஸதகா பணத்தைக் கொடுக்கும் ஜமாஅத் நிர்வாகிகள் முதலில் கேட்க வேண்டியது அறிக்கையின் அந்த ஒரு வரியையும், அதைப் பார்த்த மரபியல் மருத்துவரின் கருத்தையும்தான். வீட்டை விற்பதற்கு முன் பெற்றோரும் அதையே கேட்க வேண்டும்.

இந்த மருந்துகள் எட்டாவிட்டாலும் கைவிடப்பட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை நடக்கும் காலத்தை நீட்டிக்கிறது. முறையான உடற்பயிற்சி சிகிச்சை, இதயத்துக்கும் மூச்சுக்கும் காலாகாலத்தில் கவனிப்பு ஆகியவை ஆயுளை நீட்டித்திருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு நோய் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் அரசின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

மக்தபு மதரஸா உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வார்த்தை. நான்கு, ஐந்து, ஆறு வயதில் ஒரு பையன் ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு வரும்போது நேராக எழாமல், கைகளை முதலில் தரையிலும் பிறகு முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி, தன் உடம்பின் மீதே ஏறுவது போல எழுகிறானா என்று பாருங்கள். கெண்டைக்கால் பருத்திருக்கும், மாடிப்படி ஏறத் திணறுவான், ஓட்டத்தில் எப்போதும் கடைசி. சோம்பேறி என்று அவனைத் திட்டுகிறார்கள். சில இடங்களில் அடியும் விழுகிறது. பிரம்பை எடுக்கும் முன் அவன் வாப்பாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். சி.கே. என்ற ரத்தப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான். டூஷேன் பிள்ளைகளில் அதன் அளவு சாதாரணமாக இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறி ஆயிரங்களில் நிற்கும். ஈரல் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகளும் கூடியிருக்கும், தசையிலிருந்து கசிவதால் கூடும் அதை மஞ்சள் காமாலை என்று எண்ணி மாதக்கணக்கில் பத்தியம் இருக்க வைத்த வீடுகளும் உண்டு. அப்படி அளவு கூடிக் காமாலைக்கு மருந்து சாப்பிடும் பையன் உங்கள் மஹல்லாவில் இருந்தால், சி.கே. பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.